நெஞ்சில் அடைகாத்த கோழி

அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் பெயர் லொக்கு. லொக்கு லொக்கு என்று இருமுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வருடத்துக்கு மூன்று முறை காய்ச்சலும் சளியும் வந்து படுப்பாள். எழுந்ததும் மிச்சமிருக்கும் இருமலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். "வீட்டுப்பாடம் செய்யாத அன்னிக்கு மட்டும் நல்லா வருதே இருமல்" என்று வாத்தியார் அவளை வகுப்பறையிலிருந்து வராந்தாவுக்குத் தள்ளினார். லொக்கு மனதுக்குள் கறுவிக்கொண்டாள். மேலதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்த நாளில் நாற்பது நிமிடம் இருமலை அடக்கி, முகம் கத்தரிக்காய் நிறமாகி, வாத்தியார் பதில் சொல்ல வாயைத் திறந்த அதே நொடியில் அவிழ்த்துவிட்டாள். மூன்று முறை கேள்வி கேட்கப்பட்டது. மூன்று முறையும் இருமல்தான் பதில் சொன்னது. அதிகாரியின் மூக்குக்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது என்பார்கள். விழவில்லை, ஆடியது மட்டும்தான் என்று சொல்பவர்களும் உண்டு. வாத்தியாருக்கு இடமாற்றம் கிடைத்தது மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

அவளைக் கட்டிக்கொண்டவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். காது அவருக்குக் கண்ணைவிடக் கூர்மை. கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"ஏய் லொக்கு, இது ரெண்டு பக்கத்து இருமல் இல்ல. வலது தோளுக்குக் கீழ மட்டும் ஒரு சக்கரம் பல்லு உடைஞ்சு ஓடுது."

"என்னங்க, நான் என்ன சுவர்க் கடிகாரமா?"

"சுவர்க் கடிகாரம் மணிக்கு ஒரு தடவைதான் அடிக்கும்."

சிரித்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் மருத்துவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு வலது மேல்பக்கத்தில்தான் தட்டிக் காட்டுவார்; இடது பக்கம் ஒருநாளும் இல்லை. ஒரே வீட்டில் ஒரே அறையில் மட்டும் முப்பது வருடமாக மழைநீர் ஒழுகினால் கூரையைப் பார்க்கமாட்டார்களா? யாரும் பார்க்கவில்லை. மருந்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

லொக்குவுக்கு வேலை ஸ்கேன் நிலையம் ஒன்றில். உள்ளே இருட்டறை, அதில் படம் பார்த்துச் சொல்லும் பெரிய டாக்டர். வெளியே அவள் மேசை, கணினி. நடுவில் ஒரு சின்ன ஜன்னல். டாக்டர் உள்ளிருந்து சொல்லச் சொல்ல அவள் அறிக்கையைத் தட்டச்சு செய்வாள். அவருக்குக் குரல் நல்ல வெண்கலக் குரல். அது அவருக்கும் தெரியும். ஒரு வரியை எழுதச் சொல்லிவிட்டு, அது அறையில் சுற்றி அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்த வரிக்குப் போவார்.

ஆனால் வரி வரியாகச் சொல்வதெல்லாம் ஏதாவது பெரிய நோய் கண்ணில் பட்டால்தான். மற்றபடி ஒரே ஒரு சொல்: "ரெண்டு."

அது அந்த நிலையத்துப் பாஷை. விசைப்பலகையின் மேல் வரிசையில் இருக்கும் எஃப் டூ பித்தானில் ஒரு பத்தியை ஏற்றி வைத்திருந்தார்கள். அதை அமுக்கினால் போதும். 'மூச்சுப் பெருங்குழாயும் அதன் கிளைகளும் இயல்பாக உள்ளன. நுரையீரல் மடல்கள் இயல்பாக உள்ளன. இதயத்தின் அளவு இயல்பு' என்று பதினோரு வரி தானாகக் கொட்டும். மேலே பெயரை மாற்றினால் அறிக்கை தயார். ஒரு நாளைக்கு நாற்பது முறை லொக்குவின் இடதுகை நடுவிரல் அந்தப் பித்தானைத் தட்டும். மாலையில் நாற்பது தாளையும் அடுக்கி அவர் முன் வைப்பாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, தாளின் கீழ் மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போடுவார். மேல் பாதியைத் திருப்பிப் பார்த்தது கிடையாது.

அவள் இருமினால் ஜன்னல் வழியாகக் கேட்பார். "ஏம்மா, நெஞ்சுக்குள்ள கோழி வளர்க்கிறியா? கொக்கொக்குன்னு சத்தம் வருதே. முட்டை போட்டா எனக்கும் ரெண்டு குடு."

வரிசையில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். லொக்குவும் சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொள்வாள். உள்ளே பல்லை நறநறவென்று கடிப்பாள்.

ஒரு வருடம் இருமல் ஒரு மாதத்துக்கு விடவில்லை. ஊழியர்களுக்கான சலுகையில் அவளுக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் ஸ்கேன்காரர், தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். படம் இருட்டறைக்குப் போனது. லொக்கு தன் இடத்தில் உட்கார்ந்து, தன் பெயரைத் தானே தட்டச்சு செய்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் உள்ளே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், என்னோடது."

"ம்? ஓ, கோழியா? ரெண்டு."

முப்பது வருடத்து இருமலுக்கு ஒரு சொல். அவளே அமுக்கினாள். அவள் கண் முன்னாலேயே பதினோரு வரியும் கொட்டியது. மூச்சுப் பெருங்குழாயும் அதன் கிளைகளும் இயல்பாக உள்ளன.

அதோடு விட்டாரா? அந்த அறிக்கையை நிலையத்தின் மேனேஜரிடம் காட்டி, "படத்துல ஒண்ணுமில்ல. எல்லாம் லீவுக்கு நடிப்பு. சத்தம் வர்றவங்களைப் பயமுறுத்துது" என்று சொல்லி, அவள் மேசையை மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய பெட்டி அறைக்கு மாற்ற வைத்தார். நிமிர்ந்தால் தலை இடிக்கும். தூசி மூக்கில் ஏறும். இருமல் இரட்டிப்பானது. இனி ஜன்னல் இல்லை, இன்டர்காமில்தான் "ரெண்டு" வந்தது.

லொக்கு அன்றைக்கே பழிவாங்க ஆரம்பித்தாள். டாக்டரின் சுழல் நாற்காலிக்கு அடியில் உயரத்தை மாற்றும் கைப்பிடி இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, அவர் வருவதற்கு முன்னால், அரை விரல் அளவு இறக்கினாள். மூன்றாம் மாதம் மேசை அவர் மார்புக்கு வந்தது. ஐந்தாம் மாதம், வயதானால் மனிதன் எவ்வளவு குள்ளமாவான் என்று ஸ்கேன்காரரிடம் ரகசியமாகக் கேட்டார். ஆறாம் மாதம் சுவரில் பென்சிலால் கோடு போட்டு உயரம் அளந்து பார்த்தாராம். லொக்கு பெட்டி அறையில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, அதற்கும் இருமினாள்.

இப்படியே போயிருக்கும். பித்தப்பையில் கல் வந்து தொலைத்தது.

வலி வந்தால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாகக் குழாய் இறக்கியதும் அவளுடைய ஆக்ஸிஜன் அளவு மடமடவென்று இறங்கியது. மயக்க டாக்டர் ஒரு பெண். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லி, உயரம். அவர் பதறவில்லை. வலது மார்பின் மேல்பக்கம் மட்டும் காற்று ஏறாமல் அசையாமல் கிடப்பதைக் கவனித்தார். குழாயைக் கொஞ்சம் மேலே இழுத்தார். அளவு ஏறியது. உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தார். இருக்கக்கூடாத இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அறுவை சிகிச்சையை அப்படியே நிறுத்திவிட்டு அவளை எழுப்பிவிட்டார்.

மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு தாளின் பின்பக்கம் கவையான குச்சி ஒன்றை வரைந்தார்.

"எல்லாருக்கும் மூச்சுக்குழாய் இங்க வந்து ரெண்டா பிரியும். உங்களுக்குப் பிரியறதுக்கு மேலேயே, பக்கச் சுவர்ல இருந்து இன்னொரு கிளை தனியாப் புறப்படுது. நேரா வலது மேல் மடலுக்குப் போகுது. கருவிலேயே அமைஞ்சது. நான் இறக்கின குழாய் அதோட வாயை அடைச்சிடுச்சு."

"அதுக்கும் என் இருமலுக்கும் சம்பந்தம் இருக்கா டாக்டரம்மா?"

"நிறையப் பேருக்கு இது இருக்கறதே தெரியாம வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கு அந்தக் கிளையோட வாய் ரொம்பக் குறுகல். சளி கீழ இறங்க வழியில்ல. தேங்கும், அழுகும், காய்ச்சல் வரும். திரும்பத் திரும்ப வந்து அந்த மடலே கொஞ்சம் கெட்டிருக்கும்."

"வலது தோளுக்குக் கீழ."

"ஆமா. யார் சொன்னாங்க?"

"கடிகாரக்காரர்" என்றாள் லொக்கு. அருகில் நின்ற கணவர், ஏதோ பரிசு வாங்குகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"பன்றிக்கெல்லாம் இந்த அமைப்புதான் இயல்பு. புத்தகத்துல பன்றிக் கிளைன்னே ஒரு பேரு உண்டு. தப்பா எடுத்துக்காதீங்க."

"கோழிக்குப் பன்றி எவ்வளவோ மேல், டாக்டரம்மா."

மயக்க டாக்டருக்கு அது புரியவில்லை. கோப்பைப் புரட்டினார். "உங்க பழைய ஸ்கேன் அறிக்கையில எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே. இவ்வளவு பெரிய கிளை படத்துல தெரியாம இருக்காது. புதுசா ஒரு ஸ்கேன் எழுதித் தர்றேன். கிளை எங்க பிரியுது, வாய் எவ்வளவு அகலம்னு அளவோட வாங்கிட்டு வாங்க. அது இல்லாம நான் மறுபடி உங்களுக்குக் குழாய் போடமாட்டேன். போன தடவை நீங்க பிழைச்சது என் கவனத்தால பாதி, அதிர்ஷ்டத்தால பாதி."

பிழைச்சது. அந்தச் சொல் லொக்குவின் காதில் ஆணி மாதிரி இறங்கியது. தன் இடதுகை நடுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். தன்னைக் கொல்லப் பார்த்த அறிக்கையைத் தட்டியது இந்த விரல்தானே? வீட்டுக்குப் போய் அதற்கு ஒரு துணிக்கட்டுப் போட்டு, ஒரு வாரம் எந்த வேலையும் கொடுக்காமல் தண்டித்தாள்.

முதலில் நியாயமாகத்தான் கேட்டாள். இருட்டறைக்குள் போய் மயக்க டாக்டரின் குறிப்பை நீட்டினாள். "சார், பழைய படத்தை ஒரு தடவை திரும்பப் பாருங்க."

அவர் படத்தையும் பார்க்கவில்லை, குறிப்பையும் பார்க்கவில்லை. "நான் எழுதினது எழுதினதுதான். அந்தம்மாவுக்குக் குழாய் போடத் தெரியல. பழியைத் தூக்கி என் தலையில போடறாங்க. ஏம்மா, கோழி பத்தாதுன்னு இப்ப நெஞ்சுக்குள்ள மரமும் கிளை விடுதா?"

"கிளை இருந்தாத்தானே சார் கோழி அடையும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே அந்த யோசனை பளிச்சிட்டது.

புதிய ஸ்கேனை ஸ்கேன்காரர்தான் எடுத்தார். அவள் எந்திரத்திலிருந்து எழுந்து வந்தபோது அவர் திரையை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இதோ இருக்கே உன் கிளை. நான் அன்னிக்கே கவனிச்சிருக்கணும். வேற இடத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார். படத்தை அனுப்பறேன், நாளைக்கே எழுதிக் குடுத்துடுவார்."

"வேண்டாம் அண்ணே."

"வலியை வச்சுக்கிட்டு எதுக்கும்மா வீம்பு?"

"எனக்கு அறிக்கை வேணும். ஆனா அது இவர் கையால வரணும். நீங்க அவர்கிட்ட வாயைத் திறக்காதீங்க, போதும்."

வீம்புக்கு விலை இருந்தது. அந்த வாரத்திலேயே இரண்டு முறை வலி வந்து, பெட்டி அறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். கணவர் கெஞ்சினார். "பழி வாங்கறதுக்கு முன்னால நீ போயிடுவே போலிருக்கே."

"போனா அவர் கனவுல வந்து இருமுவேன். கவலைப்படாதீங்க."

அவள் பெயர் கொண்ட படம் இருட்டறைக்குப் போனது. இன்டர்காம் கரகரத்தது. "திரும்பவும் உன்னோடதா? ரெண்டு போடு."

ஒருமுறை பார்த்திருந்தால், ஒரே ஒரு முறை பார்த்திருந்தால், அவள் விட்டிருப்பாள். அப்படித்தான் பிற்பாடு சொன்னாள். எனக்கென்னவோ சந்தேகம்தான்.

எஃப் டூவை அமுக்கினாள். பதினோரு வரி கொட்டியது. மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே, அதே எழுத்தில், அதே நடையில், மூன்று வரிகளைச் சேர்த்தாள். மற்றவர்களின் அறிக்கைகளை ஒரு புள்ளிகூட மாற்றவில்லை; வன்மத்திலும் அவளுக்கு ஒரு சுத்தம் உண்டு. நாற்பது தாளில் தன்னுடையதைப் பதினேழாவதாகச் செருகினாள். மாலையில் டாக்டர் போனில் யாருக்கோ உலக நியாயம் சொல்லிக்கொண்டே பதினாறில் போட்டார், பதினேழில் போட்டார், பதினெட்டில் போட்டார். முத்திரையும் குத்தினார்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மயக்க டாக்டரிடம் போனாள். அவர் படித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, முகம் இறுகியது. "படிக்காமலேயா கையெழுத்துப் போட்டார்?"

"பத்து வருஷமா."

"மாசக் கூட்டத்துல உங்க விஷயத்தைத்தான் பேசப்போறேன். இதை அங்க வாசிச்சுக் காட்டட்டுமா?"

"நீங்க வேண்டாம் டாக்டரம்மா. அவரையே வாசிக்கச் சொல்லுங்க. குரல் நல்லாயிருக்கும்."

மாதக் கடைசியில் சுற்றுவட்டார டாக்டர்கள் ஒன்றுகூடி, அபூர்வமான நோய்களைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. மருத்துவமனையின் பெரிய அறையில் அறுபது நாற்காலி. நோயாளி என்ற முறையில் லொக்கு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து இருமல் வராமல் இருக்க இருபது முறை வெந்நீர் குடித்திருந்தாள்.

மயக்க டாக்டர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "இந்த நோயாளியோட ஸ்கேன் அறிக்கையை, எழுதின டாக்டரே வாசிச்சா நல்லாயிருக்கும்" என்று தாளை நீட்டினார்.

முன்வரிசையில் இருந்த பெரிய டாக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெண்கலம் ஒலித்தது.

"மூச்சுப் பெருங்குழாயும் அதன் கிளைகளும் இயல்பாக உள்ளன." நிறுத்தினார், எதிரொலி அடங்கட்டும் என்று காத்திருந்தார். "நுரையீரல் மடல்கள் இயல்பாக உள்ளன. இதயத்தின் அளவு இயல்பு. வலது மேல் மடலில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கிறது. முட்டைகள் ஏழு. முட்டைகளின் அளவு இயல்பு."

பத்து வருடத்துப் பழக்கம் அப்படி. 'இயல்பு' என்ற சொல் வரும்வரை அவர் நாக்கு நிற்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அடுத்த நொடி அறுபது நாற்காலியும் சேர்ந்து குலுங்கின. ஒரு கிழட்டு டாக்டர் சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"யார்... யார் இதை டைப் பண்ணது?"

லொக்கு எழுந்து நின்றாள். "நான்தான் சார். நீங்கதான் சொன்னீங்க, நெஞ்சுக்குள்ள கோழி இருக்குன்னு. டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன். நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"உன்னை வேலையை விட்டே தூக்கறேன் பாரு!"

"தூக்குங்க. ஆனா காரணம் எழுதணுமே சார்? எப்படி எழுதுவீங்க? கோழிக்கு நீங்க கையெழுத்துப் போட்டதாலேன்னா?"

இந்த முறை சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும் மயக்க டாக்டர் படத்தைச் சுவரில் விழவைத்தார். குழந்தைகூடச் சொல்லியிருக்கும்: கவைக்கு மேலே, வலது சுவரிலிருந்து, ஒரு கறுப்புக் கிளை தனியாகக் கிளம்பி மேலே போனது. அடுத்து முந்தைய வருடத்துப் பழைய படம். அதிலும் அதே கிளை. சிரித்தவர்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். அவரவர் இடத்து விசைப்பலகைகளிலும் ஏதாவது பித்தான் இருந்திருக்கும்.

லொக்கு முன்னால் நடந்து வந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்தாள்.

"எழுதுங்க சார். நான் டைப் பண்ணமாட்டேன். விரல் சரியில்ல."

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். நழுவ வழியில்லை, மேசை முன் உட்கார்ந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, படத்தில் அளவெடுத்து, வெண்கலக் குரல் இல்லாமல், வேலையில் சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் கையால் எழுதினார். கவைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே வலது சுவரிலிருந்து தனிக் கிளை. வாய் நான்கு மில்லிமீட்டர், குறுகல். மேல் மடலில் பழைய சளிக்காய்ச்சலின் தழும்புகள், தளர்ந்து விரிந்த சிறுகுழாய்கள். 'முந்தைய அறிக்கை திருத்தப்படுகிறது' என்று முடித்தார்.

லொக்கு அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தாள். "'திருத்தப்படுகிறது'ன்னா யாரோ காத்து வந்து திருத்தின மாதிரி இருக்கு சார். 'தவறு'ன்னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டு வேண்டாம் சார். ஒண்ணே போதும்."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு அடித்துவிட்டு எழுதினார்: முந்தைய அறிக்கை தவறு. அவள் தாளை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள், வலது பக்கம், செருகிக்கொண்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஆசை தீர இருமினாள்.

அறுவை சிகிச்சை அடுத்த வாரமே நடந்தது. மயக்க டாக்டர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, கிளையின் வாய்க்கு மேலேயே குழாயை நிறுத்தினார். கல் வெளியே வந்தது. கிளை உள்ளேயே இருக்கிறது. அதை வெட்டத் தேவையில்லை என்றார்கள். சளியை இறக்கப் படுக்கும் விதமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கணவர் தினமும் காதை வைத்துக் கேட்டு, "இன்னிக்குப் பல்லு பரவாயில்ல" என்று தீர்ப்புச் சொல்கிறார்.

லொக்கு வேலைக்குத் திரும்பினாள். பெட்டி அறைக்கு இல்லை, ஜன்னலுக்கு. கூட்டத்துக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால் மேனேஜரே மேசையைத் தூக்கி வந்து போட்டார். இருமலோடு வந்து 'ரெண்டு' வாங்கிப் போனவர்களின் பழைய படங்களை மறுபடி பார்க்கவும் உத்தரவு போட்டார். தினமும் மாலை பத்துப் படம் என்று எடுத்து வைக்கும் பொறுப்பு லொக்குவுடையது. அவள் பதினைந்து வைப்பாள்.

முதல் நாள் செய்த முதல் வேலை, ஒரு ஸ்பூனின் காம்பால் எஃப் டூ பித்தானை நெம்பி எடுத்தது. அது இப்போது அவள் பணப்பையில், குழந்தைக்கு விழுந்த பால்பல் மாதிரி பத்திரமாக இருக்கிறது. விசைப்பலகையில் அந்த இடம் பொக்கை.

ஜன்னல் வழியாக டாக்டரின் குரல் இப்போதும் வருகிறது. வெண்கலத்தில் கொஞ்சம் ஓட்டை விழுந்திருக்கிறது. "மூச்சுப் பெருங்குழாயும் அதன் கிளைகளும்..."

லொக்கு விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "பார்த்துட்டீங்களா சார்?"

உள்ளே நாற்காலி கிரீச்சிடும். அவர் எக்கித் திரையைப் பார்க்கும் சத்தம் கேட்கும். எக்கத்தான் வேண்டியிருக்கிறது, நாற்காலி வாரத்துக்கு அரை விரல் இன்னமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தரை தட்ட இன்னும் நாலு விரல் பாக்கி.